பில்லில் ஒன்று, நோட்டீஸில் ஒன்று

பார்சல்மேல் ஒட்டியிருந்த பில்லில் ‘கிஃப்ட் ஐட்டம், 1 செட்’ என்று இருந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த நோட்டீஸோ, அதே செட் துர் ஆவிகளையும் செய்வினையையும் 48 நாளில் வீட்டைவிட்டுத் துரத்தும் என்றது. நீலகிரியின் கேத்தி பாலாடாவில் கேரட் தோட்டங்களில் கூலி வேலை பார்க்கும் ஒரு தாய் இரண்டையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு வக்கீலான என்னிடம் கொண்டுவந்தார். அந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில் இருந்த முரண்தான் பிறகு எங்கள் வழக்கின் முதுகெலும்பாக ஆனது.

அவரை நான் ‘அக்கா’ என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களில் அக்காவின் மாமியாரும் ஒருவர். கணவர் லாரியில் மூட்டை ஏற்றுபவர். அக்கா அதிகாலையில் இருட்டோடு வேலைக்குப் போய்விடுவார். கேரட்டைப் பிடுங்கி, கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தில் அனுப்பியாக வேண்டும். மூடுபனி, குளிர் என்று வேலை காத்திருக்காது. பையன் பாட்டியோடு தூங்குவான். ஆறாம் வகுப்பு. அவனுக்கு வலிப்பு இருந்தது.

வலிப்புக்கு அவன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். அரசு மருத்துவமனையில் மாதம் ஒருமுறை இலவசமாகக் கொடுப்பார்கள். ஓ.பி. சீட்டில் தேதி முத்திரை விழும். மாத்திரை தொடங்கியபின் பெரும்பாலும் அடங்கியிருந்தது. ஒரு மழைக்காலத்தில், பள்ளியிலிருந்து வரும் வழியில், சுடுகாட்டுக்குப் பக்கத்துச் சரிவில் மீண்டும் வந்தது. அதைப் பார்த்தவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று: “காத்து கருப்பு அடிச்சிருக்கு.”

பாட்டி திருநீறு போட்டார், வேப்பிலை அடித்தார், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு முடிந்து வைத்தார். இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். பாட்டியின் வேண்டுதலுக்கு ஒரு காசு செலவில்லை. மாத்திரையை நிறுத்து என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சாமியும் மாத்திரையும் அந்த வீட்டில் சண்டையில்லாமல் இருந்தன. இந்த வழக்கு அந்தப் பாட்டியின் நம்பிக்கைக்கு எதிரானது என்று எதிர்த்தரப்பு பிறகு வாதாடியபோது எனக்குக் கோபம் வந்ததற்கு இதுதான் காரணம்.

இரவு நேர டி.வி.யில் அந்தச் செட்டுக்கான விளம்பரம் ஓடியிருக்கிறது. அக்கா போன் செய்தார். மறுமுனையில் பேசியவர் தன்னை ‘குருஜி’ என்று சொல்லிக்கொண்டார். முதல் பார்சலில் ஒரு செப்புத் தகடு, ஒரு குழாய்த் தாயத்து, ஒரு கறுப்புக் கயிறு. வீட்டுக்கே வந்து பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து குருஜியே கூப்பிட்டார். ஆவி பலமானது, தகடு மட்டும் தாங்காது, கருங்காலி மாலையும் வேண்டும் என்றார். பிறகு வீட்டின் நாலு மூலையிலும் அடிக்க நாலு இரும்பு ஆணி. பிறகு மார்பில் கட்டும் பித்தளைக் கவசம். கடைசியாக ஒரு மை டப்பா. எல்லாம் சேர்ந்தால்தான் செட். ஒன்று குறைந்தாலும் மற்றவை வேலை செய்யாது. குறையோடு விட்டால் ஆவி முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும். அக்கா சீட்டுப் பணத்தை எடுத்தார். தோட்டக்காரரிடம் முன்பணம் வாங்கினார்.

என் அலுவலகத்தில் அப்போது பழகுநராக இருந்த இளைஞர் இந்தப் பொருள்களை மேசையில் வரிசையாக வைத்துப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, “மேடம், இது நாங்க விளையாடற கேம் மாதிரியே இருக்கு” என்றார். அவரும் கல்லூரி நண்பர்களும் வார இறுதிகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடும் கற்பனைப் பாத்திர விளையாட்டு அது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அந்த வகையின் மூத்தது. ஆளுக்கொரு வேடம். ஒருவர் கதை சொல்வார், பகடை உருட்டி முடிவு காண்பார்கள். அதில் செத்தும் சாகாமல் அலையும் பிணங்களும் ரத்தக்காட்டேரிகளும் வரும். அவற்றைத் துரத்தும் வல்லமை பூசாரி வேடத்துக்கு உண்டு. ஆர்னெசனின் ஆட்டத்தில் ஒருவர் ஏற்றிருந்த காட்டேரிப் பாத்திரத்தை யாராலும் அடக்க முடியாமல் போனதால்தான் அந்தப் பூசாரி வேடமே உருவானது என்று பழகுநர் சொன்னார். இந்த வகை ஆட்டங்கள் பலவற்றில் கவசம், கேடயம், மோதிரம், கதாயுதம் என்று தொகுதியாகப் பொருள்கள் வரும். தனித்தனியாக இருந்தால் ஒரு பலம். முழுத் தொகுதியையும் சேர்த்துவிட்டால் பல மடங்கு. இன்னும் ஒரு உறுப்புதான் பாக்கி என்ற தவிப்பே ஆட்டக்காரரை இழுத்துக்கொண்டு போகும்.

குருஜியின் வியாபாரம் இதே விசையில்தான் ஓடியது. ஆனால் வித்தியாசம் எங்கே என்பதையும் அந்தப் பையனே சொன்னார்: “எங்க டேபிள்ல உட்கார்ற எல்லாருக்கும் இது கற்பனைன்னு தெரியும் மேடம். ரூல் புக் எல்லார் கையிலயும் இருக்கும்.” என் வாதத்தின் பாதியை எனக்கு அன்று எடுத்துக்கொடுத்தவர் அவர்.

மீதிப் பாதி நோட்டீஸில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில்: காக்காய் வலிப்பு, சித்தப்பிரமை, தூக்கத்தில் அலறல் ஆகியவை ஆவி பிடித்ததன் அறிகுறிகள், செட் வீட்டில் இருக்கும் காலத்தில் ஆங்கில மருந்து எடுத்தால் மந்திரக்கட்டு கலையும். அக்கா மாத்திரையை நிறுத்தினார். அந்த மூன்று மாதமும் ஓ.பி. சீட்டில் முத்திரை விழவில்லை. மூன்றாம் மாதக் கடைசியில், ஒரு ராத்திரி, பையனுக்கு வந்த வலிப்பு நிற்கவேயில்லை. பாட்டி அவன் கையில் இரும்பைக் கொடுத்தார். மூலையில் அடித்திருந்த ஆணியையே பிடுங்கிக் கொடுத்திருக்கிறார். 108 ஆம்புலன்ஸ் பனியில் பாலாடா இறக்கத்தில் ஊர்ந்து வந்து ஏற்றிக்கொண்டு போனது. முதலில் இங்குள்ள மருத்துவமனை, பிறகு கோயம்புத்தூர். பையன் பிழைத்தான். பேச்சு பழையபடி வர வெகுநாள் ஆனது.

சிகிச்சை கொடுத்த நரம்பியல் மருத்துவரிடம் வாக்குமூலத்துக்காகப் போனபோது அவர் சொன்னது, அன்றிலிருந்து நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவரும் விஷயம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் கையில் சாவியைக் கொடுத்திருந்தால் சாவிக்குப் பெயர், தாயத்தைக் கட்டியிருந்தால் தாயத்துக்குப் பெயர். பேய் ஓட்டும் பொருள்கள் தலைமுறை தலைமுறையாக ‘வேலை செய்து’ வந்த ரகசியம் இவ்வளவுதான். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு பெரும்பாலும் தானாக நிற்காது; மூளையைக் காயப்படுத்தலாம், உயிரையும் எடுக்கலாம். தினமும் சாப்பிட்டுவந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது அப்படிப்பட்ட வலிப்பை வரவழைக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்கடியில் துணி வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, மணி பார்க்க வேண்டும். இரும்பு தேட வேண்டியதில்லை. இதையெல்லாம் அவர் எழுத்து வாக்குமூலமாகவே கொடுத்தார்.

எந்தச் சட்டத்தில் போவது என்பதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். பேயைக் காட்டிப் பயமுறுத்துவதற்கென்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் நெருங்கி வரும் ஒரு பிரிவு இருந்தது: 508. சொன்னதைச் செய்யாவிட்டால் தெய்வக் குற்றத்துக்கு ஆளாக்குவேன் என்று நம்பவைத்து ஒருவரைச் செயல்பட வைப்பது குற்றம், ஓராண்டுவரை சிறை. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 354. வாசற்படியில் தர்ணா உட்கார்ந்து சாபம் வருமென்று மிரட்டுவதை 1860-லேயே அந்தப் பிரிவுக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பிரிவு பேசுவது தெய்வத்தின் கோபத்தை. குருஜி மிரட்டியது ஆவியின் கோபத்தைக் காட்டி. அதுவும் அவர் செயலால் வரும் கோபம் என்று சொல்லவில்லை. அந்த இடுக்கில் வழக்கு வழுக்கிவிடும் என்று பட்டது, விட்டுவிட்டேன்.

கைகொடுத்தது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். எழுபது ஆண்டுப் பழைய சட்டம், அளவில் சிறியது, வக்கீல்களே அதிகம் புரட்டாதது. தாயத்து, மந்திரம், கவசம் என்று பெயர் சொல்லியே மந்திர சிகிச்சைக்கு அது வரையறை தருகிறது. அட்டவணையில் 54 நோய்கள். வலிப்பு நோயும் சித்தப்பிரமையும் அதில் உண்டு. அந்த நோய்களைத் தீர்க்கும் என்று மந்திர சிகிச்சை செய்பவர் விளம்பரம் கொடுத்தால் முதல்முறை ஆறு மாதம்வரை, மறுமுறை ஓராண்டுவரை சிறை. ஹம்தர்த் தவாகானா வழக்கில் 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் ஒருசில பகுதிகளை நீக்கினாலும் மையத்தை ஏற்றது. பண்டம் விற்கும் விளம்பரத்துக்குப் பேச்சுரிமையின் முழுப் பாதுகாப்பும் கிடையாது என்பதும் அந்தத் தீர்ப்பில்தான். பேயை விரட்டுகிறேன் என்றதோடு நிறுத்தியிருந்தால் குருஜி இந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றிருப்பார். வலிப்பு என்ற சொல்லை எழுதியதால் உள்ளே வந்தார்.

அந்தக் குற்றப் புகாரைத் தனியாக உரிய துறைக்கு அனுப்பிவிட்டு, அக்காவுக்குப் பணமும் இழப்பீடும் கிடைக்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. 5 லட்சம்வரை கட்டணமும் இல்லை. கூலிக்குப் போகும் ஒரு பெண், வெளிமாநில நிறுவனத்தை ஊட்டிக்கு வரவைக்க முடிந்தது இந்த மாற்றத்தால்தான். பில்லுக்குப் பின்னால், ‘எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம்’ என்று அவர்கள் அச்சடித்திருந்த வரி செல்லாது என்பதை முதல் வாய்தாவிலேயே வாதாடி முடித்தோம்.

அவர்கள் தரப்பு வக்கீல் திறமையானவர், மரியாதையாகப் பேசியவர். மூன்று வாதங்கள் வைத்தார். ஒன்று, இது வெறும் அலங்காரப் பொருள். பில்லைப் பாருங்கள், கிஃப்ட் ஐட்டம் என்றுதான் இருக்கிறது. இரண்டு, இது மத நம்பிக்கை. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு காக்கிறது. மூன்று, மாத்திரையை நிறுத்தியது தாயின் சொந்த முடிவு.

முதல் வாதத்துக்குப் பில்லையும் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வரி கட்டும்போது பரிசுப் பொருள், பயந்தவளிடம் பேசும்போது ஆவியைக் கொல்லும் ஆயுதம். இரண்டில் எது உண்மை என்று அவர்களே சொல்லட்டும் என்றேன். அப்போது லார்டு ஹெய்லியின் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணத்திலும் கவர்னராக இருந்த வெள்ளைக்காரர் அவர். அவரிடம் இருந்த ‘காட்டேரி கொல்லும் பெட்டி’ 2022 ஜூனில் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தது. சிலுவைகள், புனிதநீர், மர ஆப்பு, சுத்தியல், ஜெபமாலை, பைபிள், ஜோடிக் கைத்துப்பாக்கி எல்லாம் அடங்கியது. 13,000 பவுண்டுக்குப் போனது. அதை வாங்கியவரை யாரும் ஏமாற்றவில்லை; பழம்பொருள் என்று சொல்லி விற்றார்கள், பழம்பொருள் என்று தெரிந்தே வாங்கினார். எங்கள் பழகுநர் விளையாடும் மந்திரக் கவசத்திலும் ஏமாற்று இல்லை. சட்டம் அந்தப் பொருள்களையும் தொடவில்லை, அவற்றை வைத்திருப்பவர்களையும் தொடவில்லை. பேய் உண்டா இல்லையா என்று ஆணையம் தீர்மானிக்க வேண்டியதே இல்லை. ஒரு நோயாளியின் தாயிடம் என்ன வாக்குறுதி கொடுத்துப் பணம் வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது வாதத்துக்குப் பதில் 25-ஆம் பிரிவின் முதல் வரியிலேயே இருக்கிறது: அந்த உரிமை பொது ஒழுங்கு, ஒழுக்கம், ஆரோக்கியம் ஆகியவற்றுக்கு உட்பட்டது. கூடவே, 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு கொடுத்த தீர்ப்பைத் தாக்கல் செய்தேன். அனுமான் சாலிசா யந்திரம் என்று டி.வி.யில் விற்ற பொருளை எதிர்த்து ஓர் ஆசிரியர் தொடுத்த வழக்கு அது. அற்புத சக்தி உண்டென்று சொல்லி இத்தகைய பொருள்களை விளம்பரப்படுத்துவது சட்டவிரோதம் என்று நீதிபதிகள் நலாவடேயும் செவ்லிகரும் கூறினார்கள். அது மகாராஷ்டிரத்தின் 2013-ஆம் ஆண்டு மாந்திரீக ஒழிப்புச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு. நரேந்திர தாபோல்கர் அந்தச் சட்டத்துக்காகப் பல்லாண்டு போராடி, அது வருவதற்கு முன்பே அந்த ஆண்டு ஆகஸ்டில் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். கர்நாடகத்திலும் இதுபோல் உண்டு. தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், பேய் பிடித்ததாகச் சொல்லிச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகும் இல்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை.

நீலகிரிக்கு இந்த விஷயத்தில் வேறொரு கடனும் இருக்கிறது. மந்திரத்தால் நோயை ஏவுகிறார்கள் என்ற சந்தேகத்தில் இந்த மலையில் குறும்பர் பழங்குடியினர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 1835-இல் 48 பேர். 1900-இல் ஒரு குடும்பம் முழுவதும். அதன் தலைவர் ஒரு வைத்தியர், ஓர் ஊருக்கு நோயையும் சாவையும் கொண்டுவந்தவர் அவரே என்று நம்பினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். சுற்றுவட்டாரமே கொலைகாரர்கள் பக்கம் நின்றதால் துப்புத் துலக்குவதே கடினமாக இருந்தது என்று இனவியலாளர் தர்ஸ்டன் 1909-இல் பதிந்திருக்கிறார். நோய்க்குக் காரணம் தெரியாத பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு ஊரைத் தேட வேண்டாம். இதை நான் ஆணையத்தில் வாதாடவில்லை; வழக்குக்கு அது சம்பந்தமில்லாதது. ஆனால் வழக்குக் கட்டைப் படிக்கும்போதெல்லாம் என் மனதில் இருந்தது.

மூன்றாவது வாதம்தான் அக்காவைக் குத்தியது. “நான் பெத்த புள்ளைய நானே கெடுத்தேன்னு சொல்றாங்களா வக்கீலம்மா?” என்று வராந்தாவில் கேட்டார். நோட்டீஸில் இருந்த வரியை மட்டும் நம்பி நான் போகவில்லை. அக்காவின் மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவள். அம்மாவின் போனில் பேச்சுகள் தானாகவே பதிவாகும்படி வைத்திருந்தாள். அதில் குருஜியின் குரல் தெளிவாக இருந்தது. “மாத்திரை கொடுக்கிறியாம்மா? அப்புறம் எப்படிக் கட்டு நிக்கும்?” மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழை முறைப்படி இணைத்தோம். பதிவை ஓடவிட்டபோது எதிர்த்தரப்பு வக்கீல் குறிப்பெழுதுவதை நிறுத்தினார். அதற்குமேல் அந்த வாதத்தை அவர் வற்புறுத்தவில்லை.

ஆணை எங்கள் பக்கம் வந்தது. செட்டுக்குக் கொடுத்த பணம் வட்டியோடு திரும்ப, மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. பணம் உடனே வரவில்லை. ஆணையை மீறினால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுவரை சிறை என்று சட்டத்தின் 72-ஆம் பிரிவு சொல்கிறது. அதன்கீழ் மனுப் போட்ட பிறகுதான் வரைவோலை வந்தது. அக்கா முதலில் தோட்டக்காரரின் முன்பணத்தை அடைத்தார். பையன் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறான்; பாட்டி திருநீறும் விடாமல் போடுகிறார்.

விஷயம் பாலாடாவில் பரவியது. சில மாதம் கழித்து அதே பக்கத்திலிருந்து இன்னொரு குடும்பம் வந்தது. வேறு பெயரில், வேறு டப்பாவில், கிட்டத்தட்ட அதே செட். மகளுக்குத்தான் வலிப்பு. மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. வழக்குப் பேச்சை ஒதுக்கிவைத்து, அன்றே அவர்களை மருத்துவமனைக்கு அனுப்பினேன். பில் கையில் இருந்தது; நோட்டீஸ் இல்லை, அடுப்பு பற்றவைக்கப் போய்விட்டதாம். போனில் பதிவு ஏதும் இல்லை. விளம்பரம் எந்தச் சேனலில், எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்து எழுதி வைக்கும்படியும், அடுத்த பார்சல் வந்தால் வேண்டாமென்று திருப்பி அனுப்பும்படியும், அந்தக் குருஜி மறுபடி கூப்பிட்டால் பேச்சைப் பதிவு செய்யும்படியும் சொல்லியிருக்கிறேன். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் காலக்கெடு இருக்கிறது.